பழைய ஸ்கூபா ரெகுலேட்டரின் ரப்பர் குழாய்கள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஐந்து, பழைய ஸ்கூபா ரெகுலேட்டர்களின் ரப்பர் குழாய்களைப் பற்றியவையாகவே அமைந்துவிட்டன. (ரெகுலேட்டர் என்பது, முக்குளிப்பவரின் சிலிண்டரில் அடைத்த காற்றை, நீருக்கடியில் மூச்சு விட ஏற்ற அழுத்தத்துக்குக் குறைத்து அளிக்கும் கருவி.) ஒன்றின் விடை மற்றொன்றுக்கும் உதவும் என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தாத்தா பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது, லா ஸ்பிரோடெக்னிக் நிறுவனத்தின் ‘மிஸ்ட்ரால்’ ரெகுலேட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் இரண்டு மடிப்புக் குழாய்களும் பல ஆண்டுகள் பரணில் கிடந்ததால், ஒன்று தொட்டால் ஒட்டுகிறது; மற்றொன்று கட்டைபோல விறைத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்தால் இளகிவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? அந்தக் குழாய்களோடு மீண்டும் கடலில் இறங்க முடியுமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை எண்ணெய்ப் புட்டியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். எண்ணெய் தடவியதும் குழாய் பளபளப்பதும் இளகுவதும் உண்மைதான். ஆனால், அது ரப்பர் மீண்டுவந்ததற்கான அடையாளமன்று, எண்ணெயைக் குடித்து உப்பியதற்கான அடையாளம். இயற்கை ரப்பருக்குத் தேங்காய் எண்ணெய், வாசலின், வண்டிக்கு இடும் கிரீஸ், மண்ணெண்ணெய் ஆகிய எதுவுமே ஆகாது. இந்த வேலையைக் கற்றுக்கொண்ட முதல் ஆண்டில் நானே இத்தவற்றைச் செய்திருக்கிறேன். நண்பர் ஒருவர் நம்பிக் கொடுத்த குழாயில் எண்ணெய் தடவி வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து அதை ரெகுலேட்டரில் குழாய் மாட்டும் பித்தளைக் கழுத்திலிருந்து கழற்றப் போனபோது, குழாயின் விளிம்பு நனைந்த அப்பளம்போல விரலோடு வந்துவிட்டது. அதற்கு ஈடான குழாய் அப்போது எங்கும் கிடைக்கவில்லை. அவரிடம் அதைச் சொல்ல நேர்ந்த மாலையை நான் இன்றும் மறக்கவில்லை.

இனி, தங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். பழைய குழாயைக் கையில் எடுக்கும் எவரும் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு: இது மூச்சு விடப் போகும் குழாயா, பார்வைக்கு வைக்கப் போகும் குழாயா? இரண்டுக்கும் செய்முறை வேறு. ஒன்றுக்கு நல்லது மற்றொன்றுக்குக் கேடாகவும் முடியும். தங்கள் குழாய்கள் பார்வைக்கு உரியவை. அவற்றில் மூச்சு விடலாகாது என்பதை உறுதியாகவே சொல்கிறேன்.

காரணம், ரப்பரின் மூப்பு ஒருவழிப் பாதை. ரப்பர் என்பது நீண்ட இழைகளைப்போன்ற மூலக்கூறுகள் கந்தகப் பாலங்களால் ஆங்காங்கே பிணைக்கப்பட்ட ஒரு வலை. காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இழைகளை அறுத்துக்கொண்டே வந்தால் ரப்பர் இளகி ஒட்டத் தொடங்கும். புதிய பிணைப்புகள் மிகுதியாக உண்டானால் இறுகி விறைக்கும். இயற்கை ரப்பர் பெரும்பாலும் முதல் வகையிலும், நியோப்ரீன் போன்ற செயற்கை ரப்பர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையிலும் மூப்படைகின்றன. தங்கள் இரு குழாய்களும் வெவ்வேறு விதமாகக் கெட்டிருப்பதைப் பார்க்கும்போது, அவற்றுள் ஒன்று இடையில் மாற்றப்பட்டதாக இருக்கலாம் என்று எண்ணுகிறேன். எப்படியாயினும், அறுந்த இழையைக் கோக்கவோ இறுகிய வலையைத் தளர்த்தவோ வல்ல எண்ணெயும் இல்லை, பூச்சும் இல்லை. கடைகளில் ரப்பருக்குப் ‘புத்துயிர்’ அளிப்பதாக விற்கப்படும் தெளிப்பான்களும் மேற்பூச்சுக்கு மேல் எதையும் செய்வதில்லை.

பித்தளைக் கழுத்தைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் தனியே பாருங்கள். குழாயின் மற்ற இடங்களைவிட அங்கே பிசுபிசுப்பு மிகுந்திருக்கும். செம்பு, இயற்கை ரப்பருக்குப் பகை. ஆக்சிஜன் ரப்பரை அரிக்கும் வேலையை அது பன்மடங்கு விரைவுபடுத்தும். பித்தளையில் செம்பு இருக்கிறது; குரோமியப் பூச்சு உரிந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து, அந்தக் களிம்பு ரப்பரில் ஊறிவிடுகிறது. ஆகவே குழாயை மாட்டியபடியே பெட்டியில் வைப்பதைக் காட்டிலும், கழற்றித் தனியாக வைப்பதே நல்லது.

கழற்றும்போது இழுக்காதீர்கள். குழாயைக் கழுத்தோடு இறுக்கிப் பிடிக்கும் பட்டையான ஹோஸ் கிளிப்பைத் தளர்த்தியபின், குழாயின் விளிம்புக்கும் பித்தளைக்கும் இடையே சில துளி சோப்பு நீரை விட்டு, சற்று நேரம் பொறுத்து, முனை மழுங்கிய மூங்கில் குச்சி ஒன்றை இடையில் நுழைத்து மெல்லச் சுற்றிவந்தால், ஒட்டிய ரப்பர் தானாகவே விடுபடும். திருப்புளியை நுழைத்தால் ரப்பரும் கிழியும், பூச்சும் கீறும். அதன்பின் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் மென்சோப்பைச் சில துளி கலந்து, பஞ்சுத் துணியால் மடிப்பு மடிப்பாகத் துடைத்து, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர விடுங்கள். பிசுபிசுப்பு முற்றிவிட்ட குழாயானால், நீரில் மூழ்கவிடாமல் ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தங்கள் தாத்தாவின் மிஸ்ட்ரால் 1955-இல் வெளிவந்த வடிவம்; அழுத்தத்தை ஒரே நிலையில் குறைக்கும் எளிய அமைப்புக்காக இன்றளவும் போற்றப்படுவது. உலோகப் பகுதிகளை அனுபவமுள்ளவர் பிரித்துச் சீரமைத்தால் அது மீண்டும் இயங்கக்கூடும். இந்த வகை ரெகுலேட்டர்களுக்கென்று இன்றும் புதிதாக வார்க்கப்படும் குழாய்கள் வெளிநாடுகளில் கிடைக்கின்றன. புதிய குழாய்களோடு கடலில் இறங்குங்கள். தாத்தாவின் குழாய்களைக் கூடத்தில் வையுங்கள்.

கேள்வி: எனது தகப்பனார் பயன்படுத்திய இரட்டைக் குழாய் ரெகுலேட்டருக்குப் புதிய இறப்பர் குழாய்கள் மாற்றியிருக்கிறேன். மூச்சு ஒரு குழாயால் வந்தால் போதாதா, வெளிவிடும் மூச்சுக்கு ஏன் தனியாக ஒரு குழாய்? கடலில் இருந்து வந்தபின் இரண்டையும் ஒரே விதமாகக் கழுவலாமா?
— ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: தங்கள் ஊர்க் கடலுக்கும் ஸ்கூபாவுக்கும் நெடுநாள் தொடர்புண்டு. 1956-இல் இலங்கைக்கு வந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய முக்குளிப்புத் தோழர் மைக் வில்சனும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிப் பாறையின் அடியில் முக்குளித்து, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கடலுக்குள் கண்டார்கள். அந்தக் கடலில் இறங்கிய ஒருவரின் ரெகுலேட்டரை மகன் பேணுகிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

வெளிமூச்சுக் குழாய் ஏன் என்ற கேள்விக்கு விடை, 1943-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பாரிஸை அடுத்த மார்ன் ஆற்றில் கிடைத்தது. பொறியாளர் எமீல் காஞ்ஞான் உருவாக்கிய முதல் ரெகுலேட்டரை அணிந்து, பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியான ழாக்-ஈவ் கூஸ்தோ அங்கே இறங்கினார். உடல் கிடையாக இருந்தபோது கருவி நன்றாக இயங்கியது; நிமிர்ந்து நின்றபோது காற்று வீணாகக் கொட்டியது; தலைகீழாகத் திரும்பியபோது மூச்சு இழுக்கவே கடினமாயிற்று. நீரின் அழுத்தத்தை உணர்ந்து காற்றைத் திறந்துவிடும் டயாஃப்ரம் என்னும் சவ்வு முதுகுப்புறம் ஓர் ஆழத்திலும், மூச்சு வெளியேறும் வால்வு வேறோர் ஆழத்திலும் இருந்ததே காரணம். நீரில் ஆழம் மாறினால் அழுத்தமும் மாறும் அல்லவா? வெளியேறும் வால்வையும் டயாஃப்ரத்தின் அருகிலேயே கொண்டுபோய் வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. வாயிலிருந்து முதுகு வரை மூச்சைத் திரும்பச் சுமந்து செல்வதற்காகத்தான் அந்த இரண்டாவது குழாய்.

கழுவும் முறையும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கிறது. வலத்தோளின் மேலாக வரும் உள்மூச்சுக் குழாய், டயாஃப்ரத்தின் உலர்ந்த பக்கத்துக்குப் போகிறது. நெம்புகோலும் வால்வும் இருப்பது அங்கேதான். இடத்தோளின் மேலாகச் செல்லும் வெளிமூச்சுக் குழாயோ, கடல்நீர் புழங்கும் ஈரப் பக்கத்தில் ‘வாத்தலகு’ என்று அழைக்கப்படும் தட்டையான ரப்பர் வால்வில் முடிகிறது. ஆகையால், வெளிமூச்சுக் குழாய்க்குள் நீர் விடுவதால் தீங்கில்லை, அது தேவையும்கூட. உள்மூச்சுக் குழாய்க்குள் விடும் நீர் உள்ளே இறங்கித் தங்கிவிட்டால், உலோகம் அரிக்கத் தொடங்கும். குழாய்களை மாட்டியபடியே குழாயடியில் பிடித்துக் கழுவுகிறவர்கள் செய்யும் பிழை இதுவே.

எனவே, கரைக்கு வந்ததும் காற்று நுழையும் வாயைத் தூசு மூடியால் இறுக மூடி, வெளிப்புறம் முழுவதையும் நல்ல நீரில் அலசுங்கள். வெளிமூச்சுக் குழாயை மாட்டியபடியே உள்ளே நீர் விட்டு அலசலாம். உள்மூச்சுக் குழாயை மட்டும், முக்குளிப்பு நாள்கள் முடிந்த அன்று, கழற்றி எடுத்தே கழுவ வேண்டும். உப்பு உலர்ந்துவிடுவதற்கு முன்பே இவை நடக்க வேண்டும். உலர்ந்த உப்புப் பரல் மடிப்பின் பள்ளத்தில் இருந்துகொண்டு, குழாய் அசையும்போதெல்லாம் ரப்பரை உராயும். கழற்றிய குழாய்களை வெதுவெதுப்பான நல்ல நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மடிப்புகள் சற்று விரியும் அளவுக்கு மட்டும் இழுத்து, உள்ளே நீரை ஓடவிடுங்கள். பின்னர் செங்குத்தாகத் தொங்கவிட்டு, ஒரு மணிக்கு ஒருமுறை தலைகீழாக மாற்றுங்கள். மடிப்புக் குழாயில் ஒவ்வொரு மடிப்பும் ஒரு சிறு கிண்ணம். கிடையாக வைத்தால் அவ்வளவு கிண்ணத்திலும் நீர் நிற்கும். வாத்தலகின் இரு இதழ்களும் உலர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை இறங்குமுன் ஒரு துளி நீர் விட்டு அவற்றைப் பிரித்துவிட மறவாதீர்கள்.

திரும்ப மாட்டும்போது கழுத்தில் கிரீஸ் தடவ வேண்டாம். குழாய் பின்னர் நழுவிக் கழன்றுவிடும். நீர் மட்டுமே போதும். தோட்டக் குழாய்க்கு விற்கும், பட்டையில் வெட்டுப்பள்ளம் உள்ள ஹோஸ் கிளிப்புகள் மெல்லிய ரப்பரை அப்பள்ளங்களில் பிதுக்கி வெட்டிவிடும். உட்புறம் வழவழப்பாக உள்ள பட்டையையே பயன்படுத்துங்கள். குழாய் கையால் திருகினால் சுழலாத அளவுக்கு இறுக்கினால் போதும். மாட்டி முடித்ததும், தூசு மூடியைக் கழற்றாமல், வாயில் கடிக்கும் பகுதியான மவுத்பீஸில் வாய் வைத்து மூச்சை உள்ளிழுத்துப் பாருங்கள். ஒன்றும் வராமல் வாய்க்குள் இறுகிப் பிடித்தால் நன்று. மெல்லிய காற்று வந்தாலும் எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது. காற்று நுழையும் இடத்தில் நீரும் நுழையும்.

கேள்வி: என்னிடம் 1970-களின் ஒற்றைக் குழாய் ரெகுலேட்டர் உள்ளது. குழாய் வெளியே நன்றாகத்தான் தெரிகிறது. அதை மாற்ற வேண்டுமா? வேறொரு ரெகுலேட்டரின் குழாயை இதில் பொருத்தலாமா?
— ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: ஒற்றைக் குழாய் அமைப்பு, டெட் எல்ட்ரெட் என்னும் ஆஸ்திரேலியர் மெல்பர்னில் வடிவமைத்து 1952-இல் விற்பனைக்கு வந்த ‘போர்பஸ்’ ரெகுலேட்டரோடு பரவத் தொடங்கியது. இதன் குழாய்க்கும் இரட்டைக் குழாய்க்கும் இயல்பிலேயே வேறுபாடு உண்டு. இரட்டைக் குழாயில் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தில் மட்டுமே காற்று ஓடுகிறது. அது கிழிந்தால் வாயில் நீர் வரும். ஒற்றைக் குழாயிலோ அதைவிட ஏறத்தாழ 9 முதல் 10 பார் வரை (1 பார் என்பது ஏறத்தாழக் கடல்மட்டக் காற்றழுத்தம்) கூடுதலான அழுத்தம் எந்நேரமும் நிற்கிறது; அது வெடித்தால் சிலிண்டரே சற்று நேரத்தில் காலியாகிவிடும். ஆகவே, இதில் பழமையைப் போற்றுவதற்கு இடமே இல்லை. 1970-களின் குழாயானால், அது எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். புதிய குழாய்களையே 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது பலர் பின்பற்றும் வழக்கம்.

‘வெளியே நன்றாகத்தான் தெரிகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உலோக முனையின் மேல் மாட்டப்பட்ட ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தீர்களா? குழாய் மடங்காதிருக்க மாட்டும் அந்த உறைதான் உப்பைத் தேக்கிவைக்கிறது. குழாய் முதலில் வெடிக்கும் இடத்தை மறைத்தும் வைக்கிறது. உறையை நகர்த்தி, குழாயைக் கட்டைவிரலின் மேல் வளைத்து, கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் விட்டுப் பாருங்கள். தலைமுடி அளவு வெடிப்பு இருந்தால் அந்த வளைவில் வாய் திறக்கும். உள்ளிருந்து நூல் இழை வெள்ளையாகத் தெரிந்தால், அந்தக் குழாய்க்கு ஒருமுறைகூட காற்று ஏற்ற வேண்டாம்.

குழாயை மாற்றிப் பொருத்துவது பற்றிய தங்கள் கேள்வி மிக முக்கியமானது. இன்றைய ரெகுலேட்டர்களில், மூச்சுக் குழாய் பொருந்தும் தாழ்அழுத்தத் துளையும், சிலிண்டரின் முழு அழுத்தமும் வரும் உயர்அழுத்தத் துளையும் வெவ்வேறு அளவு மரை கொண்டவை. தவறாகப் பொருத்த இயலாது. பழைய ரெகுலேட்டர்கள் பலவற்றிலோ இரண்டுக்குமே எட்டில் மூன்று அங்குல மரைதான். தாழ்அழுத்தக் குழாயை உயர்அழுத்தத் துளையில் திருகினால் அது அழகாகப் பொருந்தும். வால்வைத் திறந்த கணத்தில் சிலிண்டரின் முழு அழுத்தமும் அந்தக் குழாய்க்குள் பாய்ந்து அதைக் கிழித்தெறியும். துளையின் அருகே எழுத்துப் பொறிப்பு தேய்ந்திருந்தால், ஊகித்துத் திருகாமல், ரெகுலேட்டரைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள்.

கழற்றும்போது பித்தளை முனையில் களிம்பு இருந்தால், நம் வீட்டில் பித்தளைப் பாத்திரத்துக்குப் புளி போடும் பழக்கம் நினைவுக்கு வரும். புளியும் மணலும் குரோமியப் பூச்சைத் தேய்த்துவிடும். வெள்ளை வினிகரில் சம அளவு நீர் கலந்து, உலோக முனையை மட்டும் சில நிமிடங்கள் தோய்த்து, மென்மையான பல்துலக்கியால் தேய்த்து, உடனே நல்ல நீரில் அலசுங்கள். மறந்து ஊறவிட்டால் அமிலம் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைக் கரைத்துவிடும். உலோகம் இளஞ்சிவப்பாக மாறுவது அதன் அறிகுறி.

கேள்வி: சுத்தமாகக் கழுவி வைத்த குழாயின் மேல் வெள்ளைப் பொடி படிகிறது. துடைத்தால் சில வாரங்களில் மீண்டும் வருகிறது. பூஞ்சணமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் இல்லை. ரப்பரை வார்க்கும்போது சேர்க்கும் கந்தகமும், ஓசோனிலிருந்து காக்கச் சேர்க்கும் மெழுகும், நாளடைவில் மெல்ல மேற்பரப்புக்கு வந்து படிவதுண்டு. அது எங்கும் ஒரே சீராக, மணமின்றி, உலர்ந்திருக்கும். மெழுகானால், ரப்பர் தனக்குத்தானே போர்த்திக்கொள்ளும் போர்வை அது. தேய்த்து எடுக்க எடுக்கக் காப்பு குறையும். துணியால் லேசாகத் துடைப்பதோடு விடுங்கள்.

பூஞ்சணம் திட்டுத்திட்டாக வரும். பெரும்பாலும் குழாயின் உட்புற மடிப்பில் தொடங்கும். ஈரத்துணி வாடை அடிக்கும். அதை எளிதாக எண்ண வேண்டாம். அந்தக் குழாயின் வழியாக வருவதெல்லாம் நேரே நுரையீரலுக்குள் போகிறது. முக்குளிப்புக் கருவிகளுக்கென்றே விற்கப்படும் கிருமிநாசினியை, அதன் உறையில் குறித்த அளவிலும் நேரத்திலும் பயன்படுத்தி, பலமுறை அலசுங்கள். பினாயிலும் வாசனைக் கிருமிநாசினிகளும் ரப்பருக்குள் ஊறி, பின்னர் ஒவ்வொரு மூச்சிலும் வெளிவரும். பிளீச்சிங் கரைசல் ரப்பரையே அரிக்கும். கழுவியபின்னும் கறுப்புத் திட்டு போகவில்லையென்றால், அந்தக் குழாயில் மூச்சு விடுவதை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: குழாய்களை எங்கே, எப்படி வைக்க வேண்டும்? டால்கம் பவுடர் போடலாமா? சிலிக்கான் கிரீஸ் தடவலாமா?
— ஒரு வாசகர், டொராண்டோ

பதில்: வெளிச்சம், வெப்பம், ஓசோன், இழுவிசை ஆகிய நான்கிலிருந்தும் விலக்கி வைக்க வேண்டும். இவற்றுள் நம்மவர் கவனிக்கத் தவறுவது கடைசி இரண்டை. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஓசோன், தளர்வாகக் கிடக்கும் ரப்பரில் வெடிப்பை உண்டாக்குவதில்லை; இழுபட்டோ வளைந்தோ இருக்கும் இடத்தைத் தேடிப்பிடித்துத்தான் கீறுகிறது. இழுபட்ட திசைக்குக் குறுக்காக வரிசையாய் நிற்கும் சிறு வெடிப்புகளைக் கண்டால் அவை ஓசோனின் வேலை. ஆணியில் மாட்டித் தொங்கவிட்ட குழாய், ஆணி பட்ட வளைவிலேயே வெடிப்பது இதனால்தான். மின்மோட்டார்களில் எழும் தீப்பொறியும் ஓசோனை உண்டாக்கும் என்பதால், காற்றழுத்தி வைத்திருக்கும் அறையில் குழாய்களை வைக்காதீர்கள். வீட்டின் நிலவறையில் வெப்ப உலை இருந்தால், அதன் அருகிலும் வேண்டாம்.

நன்கு உலர்ந்த குழாயை, அதன் இயல்பான நீளத்தில், வளைக்காமல், மூடியுள்ள அட்டைப் பெட்டியில் நீட்டிப் படுக்க வையுங்கள். டால்கம் பவுடரை வெளிப்புறத்தில் தூவலாம்; வாசனை சேர்க்காத வெறும் டால்க் ஆனால் மட்டும். உள்ளே ஒருபோதும் போடாதீர்கள். அது நுரையீரலுக்குப் போகும் பொடி. சிலிக்கான் கிரீஸ் இயற்கை ரப்பருக்குத் தீங்கு செய்யாது. ஆனால், இப்போது விற்கும் மாற்றுக் குழாய்களுள் சில சிலிக்கான் ரப்பரால் ஆனவை, அவற்றில் அது ஊறி உப்ப வைக்கும். இயற்கை ரப்பர்க் குழாயிலும் வெளிப்புறம் மெல்லிய படலமாக இருந்தால் போதும். தெளிப்பானில் வரும் சிலிக்கான் வேண்டாம். அதைத் தள்ளிவிடும் கரைப்பான்கள் ரப்பருக்கு ஆகாதவை.

காட்சிக்கு மட்டும் வைத்திருக்கும் அரிய குழாயானால், அருங்காட்சியகங்கள் கையாளும் ஒரு முறையைப் பின்பற்றலாம். அமிலம் நீக்கிய மென்தாளைச் சுருட்டி உள்ளே நுழைத்து, வடிவம் குலையாமல் செய்து, காற்றுப் புகாத உறையில் ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு சேர்த்து மூடிவிடுங்கள். உறையின் மேல் மூடிய தேதியை எழுதிவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, உறையைத் திறக்காமலே, முனைகளில் நிறமோ வடிவோ மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.